சருகு கூட்டும் தர்மம்

கேரளத்தின் தென்கோடியில், பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் உள்ள எல்லைக் கிராமங்களின் பெயர்களைக் கவனித்தால் ஒன்று புலப்படும். இஞ்சிவிளை என்பது போலப் பல ஊர்ப் பெயர்கள் 'விளை' என்று முடிகின்றன. விளை என்றால் மேட்டு நிலத்துத் தோட்டம். முன்னொரு காலத்தில் பனையும் கொல்லாமரமும் மரச்சீனியும் நின்ற அந்த விளைகளில் இன்று பெரும்பாலும் ரப்பர் மரங்கள் நிற்கின்றன. மார்கழி, தை மாதங்களில் ரப்பர் தன் இலைகளை முழுவதும் உதிர்த்துவிடும். காலடி வைத்தால் நொறுங்கும் அளவுக்குத் தரை முழுவதும் சருகு கிடக்கும். மாசி பிறந்ததும் மலைப்பக்கத்திலிருந்து வரும் காற்று அந்தச் சருகைப் புரட்டிக்கொண்டே இருக்கும்.

1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது விளவங்கோடு வட்டம் அன்றைய சென்னை மாநிலத்துக்கும், நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்துக்கும் சென்றன. ஒரே மொழி பேசும் குடும்பங்கள் கோட்டின் இருபுறமும் வாழ்கின்றன. கிழக்கே வெள்ளறடை, பத்துகாணிப் பக்கம் சென்றால் எல்லைக்கோடு மலைமீது ஏறிவிடுகிறது. அங்கே குரிசுமலைக்குத் தவக்காலத்திலும், காளிமலைக்குச் சித்ரா பௌர்ணமியிலும் மக்கள் திரளாக ஏறுகிறார்கள். இரண்டும் புல் காய்ந்து கிடக்கும் கோடைக்காலம். அதற்கும் அப்பால் 1958-இல் அறிவிக்கப்பட்ட நெய்யாறு வனவிலங்குச் சரணாலயமும், 2016-இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்ட அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகமும் விரிந்துள்ளன. மனிதன் வரைந்த எல்லைகளைக் காற்றும் அறியாது, தீயும் அறியாது.

இந்த மண்ணில் எனக்கு ஏற்பட்ட ஓர் அனுபவம், நான் நெடுங்காலம் தெளிவாக அறிந்ததாக நினைத்திருந்த ஒரு சொல்லை மீண்டும் சிந்திக்க வைத்தது. 'அகிம்சை' என்பதே அந்தச் சொல்.

ஒரு வேண்டுகோள்

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், குடும்பப் பாகத்தில் எனக்கு வந்த அறுபது சென்ட் விளையில் சிறு வீடு கட்டிக் குடியேறினேன். சரிவான நிலம். சில கொல்லாமரங்களும் ஓர் அயனி மரமும் நின்றன. 'வாழ்நாள் முழுவதும் மனிதர்களுக்காக நிலத்தைக் கிளறியாயிற்று; இனி இந்த மண் தன் விருப்பப்படி வாழட்டும்' என்று முடிவு செய்தேன். அரிவாளோ மண்வெட்டியோ அங்கே நுழையவில்லை.

இரண்டு மழைக்காலங்கள் கடந்தன. உண்ணிச்செடியும், எங்கள் பக்கத்தில் 'கம்யூனிஸ்ட் பச்சை' என்று அழைக்கப்படும் களைச்செடியும் ஆள் உயரத்துக்கு வளர்ந்தன. செம்போத்து வந்தது, தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்தன, ஒரு கீரிக்குடும்பம் குடியேறியது. வருவோரிடமெல்லாம் அதைக் காட்டி மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சியில் சற்றுப் பெருமையும் கலந்திருந்தது என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

சரிவின் மேற்பகுதியில், என் வேலியை ஒட்டி ஒரு மூதாட்டி வாழ்ந்தார். என்னைவிட மூத்தவர், அக்கா என்றே அழைப்பேன். நான்கைந்து ஆடுகளே அவருடைய செல்வம். ஒரு மார்கழி மாதத்தில் அவர் வேலியோரம் வந்து நின்றார்.

"சாரே, என் வேலியை ஒட்டி ஒரு பத்தடிக்காவது இந்தக் காட்டை வெட்டி விடணும். மாசிக் காற்று பொல்லாதது."

"அக்கா, இதற்குள்ளும் எத்தனையோ உயிர்கள் வாழ்கின்றன. அவற்றின் வீட்டை வெட்ட நமக்கு என்ன உரிமை?" என்று கேட்டேன். அதோடு நிற்காமல், எல்லா உயிரிடத்தும் கருணை காட்டுவதன் மேன்மையைப் பற்றிச் சிறு சொற்பொழிவே நிகழ்த்திவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார்.

அடுத்த மாசியில் ஒரு நண்பகல். தீ எப்படித் தொடங்கியது என்பது இன்றுவரை தெரியாது. வழிப்போக்கர் வீசிய பீடித்துண்டாக இருக்கலாம். யாரோ எரித்த குப்பையின் பொறியாக இருக்கலாம். கீழ்ப்பக்கத்தில் பற்றிய தீ, காய்ந்து நின்ற செடிகளைப் பிடித்துக்கொண்டு சரிவில் மேலே ஏறியது. அண்டை வீட்டார் பச்சைக் குழைகளை ஒடித்து அடித்தார்கள். குடங்களில் நீர் சுமந்தார்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அக்காவின் வீடு தப்பியது. ஓலை வேய்ந்த ஆட்டுக்கொட்டில் தப்பவில்லை. மேயப் போயிருந்த ஆடுகள் பிழைத்தன. கொட்டிலில் கட்டியிருந்த சினையாடு மாண்டது.

மறுநாள் கொஞ்சம் பணத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குச் சென்றேன். அவர் அதை வாங்கவில்லை. கோபமும் கொள்ளவில்லை. "பணம் இருக்கட்டும் சாரே. சொன்னப்பம் வெட்டியிருந்தா அது இப்பமும் நிக்கும்" என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும் வழியில் என் விளையைப் பார்த்தேன். கரிந்த தூறுகளுக்கு இடையே கருகிய கூடுகளும் ஓணான்களும் கிடந்தன. யாரைக் காப்பதற்காக நான் வெட்ட மறுத்தேனோ, அவர்களையும் நான் காக்கவில்லை.

அன்றிரவு எழுந்த கேள்வி இதுதான்: நான் எதையும் வெட்டவில்லை, எதையும் கொளுத்தவில்லை. அப்படியிருக்க, அந்த ஆட்டின் மரணத்தில் எனக்குப் பங்கு உண்டா?

தீக்கு வேண்டியவை மூன்று

விடை தேடுமுன் தீயின் இயல்பை அறிவது நல்லது. தீ எரிவதற்கு மூன்று பொருள்கள் வேண்டும்: எரிபொருள், வெப்பம், காற்றிலுள்ள பிராணவாயு. இவற்றுள் மாசி மாத வெயிலை நம்மால் குறைக்க இயலாது. காற்றை நிறுத்தவும் இயலாது. நம் கையில் இருப்பது எரிபொருள் ஒன்றுதான். சருகு, காய்ந்த புல், புதர், தாழ்ந்த கிளை ஆகியவையே அந்த எரிபொருள்.

நிலத்தின் அமைப்பும் முக்கியமானது. சரிவில் மேல்நோக்கிச் செல்லும் தீ, தனக்கு முன்னுள்ள செடிகளைத் தன் வெப்பத்தாலேயே உலர்த்திக்கொண்டு போகிறது. சரிவு சுமார் பத்துப் பாகை கூடுந்தோறும் தீயின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகிறது என்பது தீயணைப்போர் கற்கும் அடிப்படைப் பாடம். அதேபோல், தரையில் படர்ந்து செல்லும் தீ சிறியதாக இருக்கும்வரை பெரிய மரங்களுக்கு அதிகத் தீங்கு நேர்வதில்லை. சருகிலிருந்து புதருக்கும், புதரிலிருந்து தாழ்ந்த கிளைக்கும், கிளையிலிருந்து உச்சிக்கும் ஏணி போல எரிபொருள் அமைந்துவிட்டால்தான் அது அடக்க முடியாததாகிறது. உண்ணிச்செடி அத்தகைய ஏணி. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளிலிருந்து அழகுச்செடியாகக் கொண்டுவரப்பட்ட அது, இன்று நம் காடுகளில் பரந்த பகுதிகளை மூடிக்கொண்டுள்ளது.

இந்தியக் காடுகளின் பரப்பில் 36 சதவீதத்துக்கும் மேற்பட்ட பகுதி அடிக்கடி தீப்பற்றும் வாய்ப்புள்ளது என்று இந்திய வன அளவை நிறுவனம் 2019-ஆம் ஆண்டு அறிக்கையில் மதிப்பிட்டது. இந்த எண்ணுக்குப் பின்னால் மனித உயிர்கள் உள்ளன. 2018 மார்ச் 11-ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில், காய்ந்த புற்சரிவில் பரவிய தீயில் மலையேற்றம் சென்ற குழுவினர் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2020 பிப்ரவரி 16-ஆம் நாள் திருச்சூர் மாவட்டம் கொற்றம்பத்தூரில் தீயை அணைக்கச் சென்ற வனக் காவலர்கள் மூவர் அத்தீயிலேயே மாண்டனர்.

தடுத்ததால் வளர்ந்த தீ

'எல்லாத் தீயையும் தடுத்துவிட்டால் போதாதா?' என்று கேட்கத் தோன்றும். மனித குலம் அதையும் செய்து பார்த்துவிட்டது.

1910-இல் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பெருந்தீ ஏற்பட்டுப் பலர் மாண்டனர். அதன்பின் அந்நாட்டு வனத்துறை தீயைப் பகைவனாகவே கருதியது. எந்தத் தீயையும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அடக்கிவிட வேண்டும் என்று 1935-இல் விதி செய்தது. சிறு தீக்கள் அணைக்கப்பட்டன. ஆனால் அவை எரித்திருக்க வேண்டிய சருகும் புதரும் ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்தன. பல பத்தாண்டுகளுக்குப் பிறகே தவறு உணரப்பட்டு 1970-களில் அந்த விதி கைவிடப்பட்டது. சேர்த்து வைத்த கடனுக்கு வட்டி செலுத்துவது போல, அந்நாடு இன்றும் பெருந்தீக்களைச் சந்திக்கிறது. வெப்பமடையும் புவிச்சூழல் அந்த வட்டியை மேலும் உயர்த்துகிறது.

நம் நாட்டிலும் இதற்கு இணையான ஒரு செய்தி உண்டு. கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் வாழும் சோளகர்கள், கோடையின் தொடக்கத்தில் தரைச் சருகுக்கு மெல்லிய தீ வைப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தனர். நெல்லி மரங்களைப் பற்றும் புல்லுருவியை அத்தீ கட்டுப்படுத்தியது; புதுப்புல் முளைக்க வழி செய்தது. 1974-இல் அம்மலை சரணாலயமானபின் அவ்வழக்கம் தடுக்கப்பட்டது. அதன்பின் உண்ணிச்செடி மண்டிவிட்டது என்றும், முன்பு காலடியில் ஓடிய தீ இப்போது மர உச்சிக்கு ஏறுகிறது என்றும் அவர்களுடைய மூத்தோர் கூறுகின்றனர்.

இதைக் கேட்டு, 'அப்படியானால் கொளுத்திவிடலாம்' என்று முடிவு கட்டுவதும் பேதைமையே. புல்வெளிக்கும் இலையுதிர் காட்டுக்கும் ஏற்றது, ஈரம் மிகுந்த சோலைக் காட்டுக்கு நஞ்சு. சோலை மரங்களின் பட்டை மெல்லியது. ஒரு முறை எரிந்த சோலை எளிதில் மீள்வதில்லை. காப்புக்காட்டில் தனிமனிதர் தீ வைப்பது சட்டப்படி குற்றம். எங்கே, எப்போது, எவ்வளவு என்ற அறிவு இல்லாத கையில் தீப்பெட்டி ஆபத்தானது.

காண்டவ வனம்

இந்த இடத்தில் மகாபாரதத்தின் ஆதி பருவத்தில் வரும் காண்டவ தகனம் நினைவுக்கு வருகிறது. அக்கினியின் பசிக்காகக் காண்டவ வனம் முழுவதும் எரிக்கப்படுகிறது. கிருஷ்ணனும் அர்ச்சுனனும் காட்டின் இருபுறமும் நின்று காவல் செய்ய, வெளியேற முயன்ற உயிர்களும் தப்ப முடியவில்லை. பிழைத்தவை ஆறே உயிர்கள்: மயன், அசுவசேனன் என்னும் நாகம், நான்கு சாரங்கப் பறவைக் குஞ்சுகள்.

காவியம் இந்தச் செயலை வெற்றியாகச் சொல்லிவிட்டுக் கடந்துவிடவில்லை. அதன் விளைவுகளையும் பின்தொடர்கிறது. மயன் நன்றியாகக் கட்டிக்கொடுத்த மண்டபமே துரியோதனனின் பொறாமைக்குக் காரணமாயிற்று. தாயை இழந்த அசுவசேனன் போர்க்களத்தில் கர்ணனின் அம்பில் ஏறி வந்தான். அன்று வனத்தில் இல்லாமற் போன தட்சகன், அர்ச்சுனனின் பேரன் பரீட்சித்தைத் தீண்டினான். ஒன்றும் மிச்சமின்றி அழிக்கும் செயல் தன் கணக்கைத் தலைமுறை கடந்தும் தீர்த்துக்கொள்கிறது.

சாரங்கக் குஞ்சுகளின் பகுதி இன்னும் நுட்பமானது. தீ நெருங்குகிறது, தாய்ப்பறவை ஜரிதையால் நான்கு குஞ்சுகளையும் தூக்கிச் செல்ல முடியவில்லை. ஓர் எலி வளையைக் காட்டி, அதற்குள் ஒளிந்துகொள்ளச் சொல்கிறது. எலிக்கு இரையாவதைவிடத் தீயை எதிர்கொள்வதே மேல் என்று குஞ்சுகள் மறுக்கின்றன. 'நீ உயிர் பிழைத்துக்கொள்' என்று தாயை அனுப்பிவிட்டு, அக்கினியைத் துதித்துப் பிழைக்கின்றன. தீ வாசலுக்கு வந்தபிறகு மிஞ்சுபவை இரண்டு தீமைகளில் ஒன்றைத் தேர்வதும் இறையருளை நம்புவதும் மட்டுமே. தேர்வுக்கு இடமிருந்த காலம் அதற்கு முன்பே கடந்துவிட்டது. என் விளையைப் பொறுத்தவரை அந்தக் காலம், அக்கா வேலியோரம் வந்து நின்ற மார்கழி மாதம்.

செய்யாமை குற்றமற்றதா?

ஆகவே என் கேள்விக்கு விடை: ஆம், பங்கு உண்டு. 'கை கறைபடவில்லை' என்பது நிரபராதி என்பதற்குச் சான்றாகாது. ஆபத்தை அறிந்தவர் கூறியும், தடுக்கும் ஆற்றல் இருந்தும், வாளாவிருந்தவனை அவன் செயலற்றிருந்த காரணத்தாலேயே அறம் விடுவிப்பதில்லை. குறையே இல்லாத செயலைத் தேடுபவனுக்கு எந்தச் செயலும் கிட்டாது என்பதைக் கீதை தன் பதினெட்டாம் அத்தியாயத்தில் நெருப்பையும் புகையையும் காட்டி உணர்த்துகிறது. நான் புகைக்கு அஞ்சி அடுப்பையே மூட்டாதவனாக இருந்தேன்.

இன்னொன்றும் புரிந்தது. நான் கருணை என்று எண்ணியதில் பாதி, என்னைப் பற்றி நானே வரைந்துகொண்ட ஓவியம். உண்மையான கருணைக்கு அண்டை வீட்டாரின் அச்சத்தைக் கேட்கும் காது இருந்திருக்கும். அந்த மூதாட்டிக்கு என் நிலத்தின் காற்றும் சரிவும் என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தன. அவரிடம் கற்க வேண்டிய நேரத்தில் நான் கற்பித்தேன்.

ஆனால் எதிர்ப்புறத்திலும் ஒரு பள்ளம் உள்ளது. 'தீத்தடுப்பு' என்ற பெயரில் காட்டைத் துடைத்தெடுப்போரும் உண்டு. நிலத்தை விற்பதற்கோ மரத்தை வெட்டுவதற்கோ சாக்கு வேண்டும்போது பாதுகாப்பு என்ற சொல் கைகொடுக்கிறது. அப்படியானால் எங்கே கோடு கிழிப்பது? என் அனுபவத்தில் நான்கு கேள்விகள் உதவுகின்றன.

முதலாவது, யாருக்காக? வீடு, கொட்டில், பாதை, அடுத்தவர் வேலி ஆகியவற்றைக் காக்க வெட்டுவது ஒன்று. வெறுமையை ஒழுங்கு என்று எண்ணி வெட்டுவது வேறு.

இரண்டாவது, எவ்வளவு? தீத்தடுப்புக்கு வேண்டியது எரிபொருள் தொடர்ச்சியை அறுக்கும் ஒரு பட்டை நிலமே. முழு நிலத்தையும் மொட்டையடிக்கத் தேவையில்லை. நாகர்காவு போன்ற அடர்ந்த பழைய தோப்புகளை அப்படியே விட்டுவிடுவது நல்லது. அவற்றின் நிழலும் ஈரமுமே தீக்குத் தடை. புறத்திலிருந்து வந்த உண்ணிச்செடியை அகற்றுவதும், மண்ணுக்குரிய மரத்தை வெட்டுவதும் ஒன்றல்ல.

மூன்றாவது, எப்போது? புதர் வெட்டுவதற்கு மார்கழி ஏற்ற காலம். மண்ணில் ஈரம் இருக்கும். பல பறவைகள் இன்னும் முட்டையிடத் தொடங்கியிரா. மாசி நண்பகலில் காற்றடிக்கும்போது குப்பை கொளுத்துவது, தீயைத் தடுப்பதற்குப் பதிலாகத் தீயை அழைப்பதாகும்.

நான்காவது, வெட்டியதை என்ன செய்வது? எரித்தால் சருகிலுள்ள தழைச்சத்து புகையாகப் போய்விடும். வாழை மூட்டிலும் தென்னை மூட்டிலும் குழியெடுத்து மூடினால் அது உரமாகும். கோடையில் ஈரத்தையும் காக்கும். நீலகிரிப் பகுதியின் பழங்குடி மக்கள் உண்ணிச்செடித் தண்டுகளைக் கொண்டு ஆளுயர யானை உருவங்களைச் செய்கிறார்கள். காட்டை நெருக்கிய களை, கைத்தொழிலாகி, கடல் கடந்த கண்காட்சிகளிலும் நின்றது. அகற்றுதலும் ஆக்கமாக முடியும் என்பதற்கு இது நல்ல சான்று.

இந்தக் கேள்விகளை நிலத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. நம் இல்லங்களிலும் சருகு விழுகிறது. கேட்கப்படாத ஒரு மன்னிப்பு, தள்ளிப்போட்ட ஒரு பேச்சு, சிறிதென்று விட்டுவிட்ட ஒரு மனவருத்தம் என்று நாள்தோறும் சேர்கின்றன. 'அமைதியாக இருக்கிறேன்' என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எங்கிருந்தோ ஒரு பொறி வந்து விழும்போதுதான் எவ்வளவு சேர்ந்திருந்தது என்று தெரிகிறது. பொறியைக் குறை கூறுவது எளிது. சருகைக் கூட்டுவதே நம் கையில் உள்ளது.

மீண்டும் மார்கழி

அடுத்த மார்கழியில் நானே அக்காவின் வீட்டுக்குச் சென்று, "எங்கே வெட்ட வேண்டும், காட்டித் தாருங்கள்" என்று கேட்டேன். அவர் வேலி நெடுகிலும் நடந்து, காற்று எந்த வழியாக ஏறும், எந்தத் தூறு முதலில் காயும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நின்று, "இதை விட்டுடுங்க சாரே, இதில் குருவி கட்டும்" என்றார். அந்தத் தூறை விட்டுச் சுற்றிலும் வெட்டினோம். மூன்று நாள் வேலை. தைக் கடைசியில் உதிர்ந்த சருகை இருவரும் கூட்டினோம். பாதி என் வாழைக்குழிக்கும், பாதி அவருடைய புதிய ஆட்டுக்கொட்டிலின் தரைக்கும் போயிற்று.

மாண்ட ஆடு மீளவில்லை. அந்தக் கணக்கு என்னிடம் தீராமலே இருக்கிறது, இருக்கட்டும். ஒவ்வோர் ஆண்டும் மார்கழி பிறந்ததும் அரிவாளைத் தீட்ட அதுவே எனக்கு நினைவூட்டுகிறது. எல்லையோர விளைகளில் வாழும் நாம் ஒவ்வொருவரும், நம் வேலிக்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்று ஒரு முறை எட்டிப் பார்த்து, அவர்களைக் கேட்டு, நம் பங்குச் சருகைக் கூட்டுவோமாக.